பயிற்றுவித்தவரின் பெருமை

விளையாட்டைப் பற்றிய பேச்சில் வெற்றி தோல்வியைவிட நீண்ட நேரம் நிலைத்திருக்கும் வினா ஒன்று உண்டு. 'இவர் உண்மையிலேயே பெரியவர்தானா?' என்பதே அது. ஆத்தூர்ப் பேருந்து நிலையத்தை அடுத்த தேநீர்க் கடைகளிலும், பொங்கலையொட்டிக் கபடியும் கைப்பந்தும் ஆடப்படும் ஊர்த் திடல்களிலும் இவ்வினா எழாத நாள் குறைவு. ஆட்டக்காரரைப் பற்றியதாயின் விடை ஓரளவு எளிது. ஓட்டங்களை எண்ணலாம், பதக்கங்களை அடுக்கலாம். பயிற்சியாளரைப் பற்றியதாயின் வழக்கு எளிதில் முடிவதில்லை. அவர் ஓடவில்லை, பந்தைத் தொடவில்லை, கோட்டுக்கு வெளியே நின்றவர். பிறருடைய வியர்வையில் விளைந்த வெற்றியில் அவருக்குரிய பங்கு எவ்வளவு? தோல்வியில் எவ்வளவு? இவற்றை எந்தப் படியால் அளப்பது?

இது பொழுதுபோக்கு வினா என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர், வகுப்பில் நிற்கும் ஆசிரியர், மறைக்கல்வி கற்பிக்கும் இளம்பெண் ஆகிய எல்லாரும் கோட்டுக்கு வெளியே நிற்பவர்களே. அவர்களை எப்படி எடைபோடுவது என்பதும் இந்த வினாவுக்குள் அடங்கியிருக்கிறது.

நூறில் ஒரு பங்கு நொடி

நம் நாட்டில் இவ்வினாவைச் சிந்திக்க ஓ. எம். நம்பியாரின் வாழ்வு நல்ல களம். விமானப் படையில் பணியாற்றியவர். பின்னர்த் தடகளப் பயிற்சியாளரானவர். 1976இல் கேரள அரசு கண்ணூரில் மாணவியருக்கென விளையாட்டுப் பிரிவு ஒன்றைத் தொடங்கியபோது அதில் சேர்ந்த நாற்பது சிறுமியருள் ஒருத்தி பி. டி. உஷா. அந்த மெலிந்த சிறுமியின் காலில் இருந்ததைக் கண்டுகொண்டவர் நம்பியார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. குறுந்தொலைவு ஓட்டக்காரியாக இருந்த உஷாவை அந்தப் புதிய பந்தயத்துக்கு ஆயத்தப்படுத்தினார். இறுதிப் போட்டியில் உஷா 55.42 நொடிகளில் ஓடி முடித்தார். ருமேனிய நாட்டுக் கொயோகாரு 55.41 நொடிகளில் முடித்தார். நூறில் ஒரு பங்கு நொடியில் வெண்கலம் கைநழுவியது.

மறு ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் உஷா 5 தங்கமும் ஒரு வெண்கலமும் வென்றார். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் இந்தியா பெற்ற தங்கங்கள் மொத்தம் 5. அவற்றுள் 4 உஷா பங்கேற்ற பந்தயங்களில் வந்தவை. 1985இல் பயிற்சியாளர்களுக்கெனத் துரோணாச்சாரியார் விருது ஏற்படுத்தப்பட்டபோது முதல் வரிசையில் அதைப் பெற்றோருள் நம்பியாரும் ஒருவர். பின்னர், 1988 சியோல் ஒலிம்பிக்கில் காயத்தோடு ஓடிய உஷா முதற்சுற்றிலேயே வெளியேறினார். கைதட்டிய நாடு கைநீட்டிக் குறை கூறியது.

நம்பியார் பெரியவரா என்று கேட்டால் மறுப்பவர் கூறும் காரணங்கள் இரண்டு. 'ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுகூட இல்லையே' என்பது முதலாவது. 'உஷா யாரிடம் பயின்றாலும் உஷாதானே? பொன் தானே ஒளிர்ந்தது. தட்டானுக்கு என்ன புகழ்?' என்பது இரண்டாவது. இரண்டையும் பொறுமையோடு ஆராய்வோம்.

வெற்றி என்னும் அளவுகோல்

முதலாவது காரணத்தை எடுத்துக்கொள்வோம். அந்த நூறில் ஒரு பங்கு நொடி உஷாவின் பக்கம் சாய்ந்திருந்தால் நம்பியார் கற்பித்தது எதுவும் மாறியிருக்காது. அதே விடியற்காலைகள், அதே மணல்வெளி, அதே கண்டிப்பு. ஆயினும் அவரைப் பற்றிய நம் தீர்ப்பு மட்டும் மாறியிருக்கும். செயலில் மாற்றமே இல்லாதபோது தீர்ப்பு தலைகீழாகுமானால், நாம் அளந்தது செயலை அன்று. அதன்மேல் வீசிய காற்றை.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தாட்ட உலகில் மிகப் பெரிய பயிற்சியாளர் யார் என்ற வழக்கு ஓய்வதே இல்லை. அதில் முதலில் சொல்லப்படும் பெயர் ஜான் வூடன். லாஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழக அணியை 12 ஆண்டுகளில் 10 முறை தேசிய வாகையராக்கியவர். அவருடைய அணி தொடர்ந்து 88 ஆட்டங்களில் வென்றது. ஆனால் அவர் அக்கல்லூரிக்கு வந்தது 1948இல். முதல் வாகைப் பட்டம் கிடைத்தது 1964இல். இடைப்பட்ட அத்தனை ஆண்டுகளும் அவர் பட்டம் இல்லாத பயிற்சியாளரே. ஒவ்வோர் ஆண்டும் முதல் நாள் பயிற்சியில் காலுறையைச் சுருக்கமின்றி அணிவது எப்படி என்று கற்றுக்கொடுப்பாராம். சுருக்கம் விழுந்தால் கொப்புளம். கொப்புளம் வந்தால் பயிற்சி இல்லை. 1963இல் அவர் ஓய்வு பெற்றிருந்தால் அந்தக் காலுறைப் பாடத்தை உலகம் நினைத்திராது. ஆனால் பாடம் அதே பாடந்தான்.

இதனால் வெற்றி பொருளற்றது என்று சொல்ல வரவில்லை. 'குணத்தைக் கற்பித்தேன், ஆட்டத்தைக் கவனிக்கவில்லை' என்று சொல்லும் பயிற்சியாளர், மருந்து தெரியாமல் இன்சொல் மட்டும் பேசும் மருத்துவரைப் போன்றவர். தம்மை நம்பி வந்த இளைஞனுக்கு அவர் கடன்பட்டது ஆட்டம். அதைக் கொடாதவர் வேறு எதைக் கொடுத்தாலும் கடன் தீராது. நெடுங்காலம் திரும்பத் திரும்ப வரும் வெற்றி, உள்ளே ஒரு நேர்த்தி இருப்பதற்கு நல்ல சான்று. ஆயினும் அது சான்றே, பெருமை அதுவன்று. புகை தீக்குச் சான்று. புகையில் சோறு வேகாது.

விதையும் உழவனும்

இரண்டாவது காரணம் ஆழமானது. மாணவரின் திறமை மாணவருடையது என்றால் ஆசிரியர் செய்ததுதான் என்ன?

பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமா அக்குயினார் இதே வினாவை எழுப்பினார். ஒருவர் மற்றொருவருக்குக் கற்பிக்க முடியுமா என்று ஆராய்ந்தபோது அவர் எடுத்துக்கொண்ட உவமை மருத்துவம். நோயுற்ற உடலை நலமாக்குவது உடலுக்குள் இருக்கும் இயற்கையே. மருத்துவர் அந்த இயற்கைக்குத் துணைநின்று, அது செல்ல வேண்டிய வழியில் அதைச் செலுத்துகிறார். அவ்வாறே அறிவு மாணவருக்குள் இருக்கும் ஒளியால் பிறக்கிறது. ஆசிரியர் வெளியிலிருந்து துணைபுரிகிறார். ஆகவே ஆசிரியரின் பணி இரண்டாம் இடத்துப் பணி. ஆனால் இரண்டாம் இடம் என்பது பொய்யான இடம் அன்று. உடல் தானே நலமடைகிறது என்பதற்காக மருத்துவர் வேண்டாம் என்று எவரும் சொல்வதில்லை.

நம் வட்டாரத்து மரவள்ளிக் காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குச்சியை நடுபவர் கிழங்கை உண்டாக்குவதில்லை. கிழங்கு மண்ணுக்குள், கண்ணுக்குத் தெரியாமல், தானே பருக்கிறது. ஆனால் எந்தப் பட்டத்தில் நடுவது, எப்போது நீர் விடுவது, எப்போது நிறுத்துவது, எத்தனை மாதத்தில் பிடுங்குவது என்பதையெல்லாம் அறிந்தவர் காடும் அறியாதவர் காடும் ஒன்றாக விளைவதில்லை.

இந்த விளக்கத்தை ஏற்றால், 'உஷா யாரிடம் பயின்றாலும் உஷாதானே' என்னும் வாதம் நிற்காது. பொன்னைப் பொன் என்று அறிவதே ஒரு கலை. நாற்பது சிறுமியருள் ஒருத்தியைக் கண்டதும், புதிதாக வரும் பந்தயம் அவளுடைய நடைக்கும் எட்டுக்கும் பொருந்தும் என்று கணித்ததும் இரண்டாம் இடத்துப் பணிகளே. ஆனால் அவை நிகழாதிருந்தால் முதலிடத்துப் பணியும் அவ்வாறு நிகழ்ந்திராது. 55.42 என்னும் அந்த எண் 39 ஆண்டுகள் இந்தியப் பெண் எவராலும் எட்டப்படாமல் நின்றது. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கோவையைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் அதே 55.42 நொடிகளில் ஓடி அதைச் சமன் செய்தார். இறுதிப் போட்டியில் வெண்கலமும் பெற்றார். பதக்கம் பெறாத ஓர் ஓட்டம், பதக்கம் பெற்ற பல ஓட்டங்களைவிட நெடுங்காலம் அளவுகோலாக நின்றது.

கட்டை விரல் கேட்ட ஆசிரியர்

இனி வருவது கடினமான வினா. திறமையாகக் கற்பித்து, வெற்றியும் பெற்று, ஆனால் மாணவரைக் காயப்படுத்தும் ஒருவரைப் பெரியவர் என்று அழைக்கலாமா?

பயிற்சியாளருக்கு நாடு வழங்கும் விருது எவர் பெயரில் இருக்கிறது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். வில்வித்தையில் துரோணருக்கு நிகரான ஆசிரியர் இல்லை. அவருடைய மாணவன் அருச்சுனனுக்கு நிகரான வீரனும் இல்லை. ஆயினும், அந்த நிகரின்மையைக் காப்பதற்காகவே தம்மிடம் நேரில் பயிலாத வேடர் குலத்து ஏகலைவனின் வலக்கைக் கட்டை விரலைக் காணிக்கையாகக் கேட்டவர் அவர். ஒரு மாணவனின் உயர்வுக்கு மற்றொருவனின் விரல் விலையாயிற்று. விருதின் பெயரில் ஒளியும் நிழலும் சேர்ந்தே இருக்கின்றன.

நம் காலத்திலும் இதற்கு நிகரான வழக்கு உண்டு. அமெரிக்காவில் பாபி நைட் என்னும் கூடைப்பந்துப் பயிற்சியாளர் வாழ்நாளில் 902 ஆட்டங்களில் வெற்றி கண்டார்; இந்தியானாப் பல்கலைக்கழகத்துக்கு 3 தேசியப் பட்டங்களைத் தேடித் தந்தார். மாணவர்கள் படிப்பை முடித்துப் பட்டம் பெற வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அதே மனிதர் 1985இல் ஆட்டத்தின் நடுவே சினந்து நாற்காலியைக் களத்தில் வீசினார். பயிற்சியின்போது மாணவர் ஒருவரின் கழுத்தில் அவர் கை வைத்த காட்சி 2000இல் வெளியானது. அவ்வாண்டே பல்கலைக்கழகம் அவரைப் பணிநீக்கம் செய்தது. 2023இல் அவர் மறைந்தபோதும் வழக்கு முடியவில்லை. ஒரு சாரார் வெற்றிகளை எண்ணினர். மறு சாரார் காயங்களை எண்ணினர்.

இவ்விடத்தில் பலர் ஒரு சமரசம் சொல்வதுண்டு. 'பயிற்சியாளர் என்ற முறையில் பெரியவர். மனிதர் என்ற முறையில் அல்லர்' என்பர். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றுகிறது. குயவர் முன்கோபியாக இருந்தாலும் பானை நல்ல பானையாக இருக்கலாம். சிற்பி கடுஞ்சொல்லர் என்பதால் சிலை பிளவுபடுவதில்லை. தொழிலும் குணமும் வெவ்வேறு என்பதற்கு இவை சான்றுகள்.

ஆனால் பயிற்சியாளரின் கையில் இருப்பது மண் அன்று, கல் அன்று. அவருடைய தொழிலின் மூலப்பொருள் மனிதனே. பதினெட்டு வயது இளைஞனை அச்சுறுத்தி, இழிவுபடுத்தி வெற்றிக்கு உருவாக்கினால், குயவர் தம் பானையில் தாமே விரிசல் இட்டதற்கு அது ஒப்பாகும். அந்த விரிசலைத் தொழிலுக்குப் புறம்பான குணக்குறை என்று ஒதுக்கிவிட முடியாது. அது தொழிலிலேயே நேர்ந்த குறை. ஆகவே கற்பிப்போரைப் பொறுத்தவரை, 'தொழிலில் பெரியவர், குணத்தில் சிறியவர்' என்னும் பிரிப்பு முழுமையாகப் பொருந்துவதில்லை என்பதே என் துணிபு. வள்ளுவப் பெருந்தகை 'பெருமை' என்னும் அதிகாரத்தை அடுத்தே 'சான்றாண்மை'யை வைத்திருப்பதும் இங்கே நினைக்கத் தக்கது.

கண்டிப்பு வேறு, கொடுமை வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். கண்டிக்காத ஆசிரியர் அன்பானவர் என்று எண்ணுவதும் பிழையே. இரண்டையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: இந்தக் கடுமையினால் ஆதாயம் யாருக்கு? மாணவரின் நன்மைக்கு என்றால் அது கண்டிப்பு. ஆசிரியரின் பெயருக்கு என்றால் அது கட்டை விரல் கேட்பது.

ஆடாதவர்களின் சாட்சி

ஒரு பயிற்சியாளரை எடைபோடும்போது நாம் எப்போதும் அவருடைய மிகச் சிறந்த மாணவரையே சாட்சிக்கு அழைக்கிறோம். வெளியிருக்கையில் அமர்ந்திருந்தவர்களை அழைப்பதில்லை. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் டீன் ஸ்மித் என்ற கூடைப்பந்துப் பயிற்சியாளர் இருந்தார். 1997இல் ஓய்வு பெறும்போது 879 வெற்றிகள் அவர் கணக்கில் இருந்தன. புகழ்பெற்ற மைக்கேல் ஜோர்டான் அவருடைய மாணவர். 2015இல் அவர் இறந்தபின் விருப்ப ஆவணத்தைத் திறந்து பார்த்தார்கள். தம்மிடம் ஆடிய முன்னாள் மாணவர் ஏறத்தாழ 180 பேருக்கும், ஒருவர் தவறாமல், ஆளுக்கு 200 டாலர் எழுதிவைத்திருந்தார். வெளியே சென்று ஒரு வேளை நல்ல உணவு உண்பதற்காக. கோடீசுவரரான ஜோர்டானுக்கும் 200. பெயர் தெரியாத மாணவருக்கும் 200. அந்தத் தொகை எவரையும் செல்வராக்கியிராது. ஆனால் ஆசிரியரின் நினைவில் எவரும் வெளியிருக்கையில் இல்லை என்பதை அது சொல்லியது.

வூடனின் வாழ்விலும் இதற்கு இணையான நிகழ்ச்சி உண்டு. 1947இல் அவர் இந்தியானாவில் வேறொரு கல்லூரியில் பயிற்சியாளராக இருந்தார். தேசியப் போட்டி ஒன்றுக்கு அழைப்பு வந்தது. ஆனால் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு அங்கே இடமில்லை. அவருடைய அணியில் கிளாரன்ஸ் வாக்கர் என்ற கறுப்பின மாணவர் இருந்தார். வூடன் அழைப்பையே மறுத்துவிட்டார். மறு ஆண்டு அத்தடை நீங்கியது. வாக்கரும் அணியோடு சென்று ஆடினார். அந்த மறுப்பு 10 பட்டங்களின் பட்டியலில் இடம்பெறாது. வூடனும் குறையற்றவர் அல்லர் என்பார் உண்டு: செல்வந்தர் ஒருவர் அவருடைய கலிபோர்னிய மாணவர்களுக்கு விதிகளுக்குப் புறம்பாகச் செய்த உதவிகளை அவர் ஏன் தடுக்கவில்லை என்று இன்றும் கேட்கிறார்கள். கேட்கட்டும். பெரியவர்களும் கேள்விக்கு உட்பட்டவர்களே.

நம் வயல்வெளிக்கு வருவோம்

பவணந்தி முனிவர் நன்னூலில் நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் நான்கை உவமையாக்கினார். ஆசிரியராகத் தகாதவருக்கும் நான்கு உவமை சொன்னார். அவற்றுள் ஒன்று முடத்தெங்கு. வளைந்த தென்னை, ஒருவர் நீர் ஊற்ற, காயை அடுத்த வீட்டு முற்றத்தில் உதிர்ப்பது.

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கு இந்த உவமை சுடத்தான் வேண்டும். கோழிப் பண்ணைகளுக்குப் பெயர்போன இவ்வட்டாரத்தின் விடுதிப் பள்ளிகள் சிலவற்றை 'பிராய்லர் பள்ளிகள்' என்று மக்களே அழைத்ததை அறிவோம். பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டு, இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே மனனம் செய்விக்கும் வழக்கம் பரவியிருந்தது. மாநில முதலிடம் பெற்ற பிள்ளையின் படம் சாலையோரப் பலகைகளில் பெரிதாக நின்றது. 2017இல் தமிழக அரசு முதலிடப் பட்டியல் வெளியிடுவதை நிறுத்தியது. பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வை அறிமுகம் செய்தது. பிள்ளை இரவு பகலாக ஊற்றிய நீரெல்லாம் பலகைக்கு உரியவர் முற்றத்தில் காயாக உதிர்ந்த காலம் அது. பெற்றோராகிய நாமும் அந்தக் காயை எண்ணித்தான் பள்ளியைத் தேர்ந்தோம். அங்கே சுருங்கிப்போன பிள்ளைகளை எவரும் எண்ணவில்லை.

எனவே, 'பெரிய பயிற்சியாளர் யார்?' என்று நம் இளைஞர்கள் வாதிடுவது நல்லதே. அவர்கள் தெரிந்தோ தெரியாமலோ எதை மதிக்க வேண்டும் என்று கற்கிறார்கள். நான் அவர்களுக்குச் சொல்ல விரும்புவது, மூன்று சாட்சிகளை அழையுங்கள் என்பதே. முதலாவது, அவர் தம் கலையை நேர்த்தியாக அறிந்து கொடுத்தாரா? இரண்டாவது, அவரிடம் தோற்றவர்களும் ஆடாதவர்களும் நிமிர்ந்து நடந்து வெளியே வந்தார்களா? மூன்றாவது, மாணவர் வளர வளர அவர் ஒதுங்கி நிற்க அறிந்தாரா? தம் சீடர்கள் வேறொருவரைப் பின்தொடர்ந்து போனபோது திருமுழுக்கு யோவான் மகிழ்ந்தார் என்பதை நாம் அறிவோம். வழிகாட்டியவருக்கு அதைவிடக் கடினமான தேர்வு இல்லை.

இம்மூன்று சாட்சிகளும் உடனே வருவதில்லை. காலம் தாழ்த்தி வருகின்றன. உஷாவுக்குப் பத்மஸ்ரீ 1985இல் கிடைத்தது. நம்பியாருக்கு அதே விருது 2021இல் அறிவிக்கப்பட்டது. இடையில் 36 ஆண்டுகள். அவ்வாண்டே ஆகஸ்ட் 19 அன்று அவர் மறைந்தார். சில வேளைகளில் சாட்சி விரைந்தும் வருகிறது. நம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து சென்று, 2020 டிசம்பரில் ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியாவுக்காக முதன்முதலாகப் பந்து வீசிய தங்கராசு நடராசன், ஆட்டச் சட்டையில் தம் பெயருக்கு முன்னால் 'ஜே.பி.' என்ற எழுத்துகளைப் பொறித்திருந்தார். அவை அவரை ஆளாக்கிய ஜெயப்பிரகாஷின் பெயரைக் குறிப்பன. எந்த அரசும் தர முடியாத விருது அது.

திருச்சபை எவரையும் அவர் உயிரோடிருக்கும்போது புனிதர் என்று அறிவிப்பதில்லை. வாழ்வு முழுமையடைய வேண்டும். சாட்சிகள் பேச வேண்டும். காலம் கடக்க வேண்டும். அந்தப் பொறுமை பயிற்சியாளர் வழக்கிலும் நமக்கு உதவும். அதுவரை நாம் செய்யக் கூடியது ஒன்று உண்டு. நமக்கு ஓடவும் எண்ணவும் எழுதவும் கற்றுக்கொடுத்து, கோட்டுக்கு வெளியே நின்ற ஒருவர் நம் ஊரிலேயே இருப்பார். பெரும்பாலும் ஓய்வூதியத்தில், பழைய மிதிவண்டியோடு. அவருடைய சாட்சி நாம்தான். வாய் திறந்து சொல்ல, அவர் இறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.